நாலு கிராம் அறுநூற்றுப் பதிமூன்று

செவ்வாய்ப்பேட்டையில் என் மேசைக்கு வருகிற வெள்ளிக்கு
முகம் கிடையாது.
திருகாணி போன கொலுசு, நசுங்கிய குங்குமச் சிமிழ்,
அறுந்த அரைஞாண்.
மெஷினுக்குள் வைத்து மூடியை இறக்கினால்
முப்பது நொடியில் சொல்லிவிடும்:
எழுபத்திரண்டு டச். அறுபத்தெட்டு. ஐம்பத்தைந்து.
அதோடு கதை முடிந்தது.
பக்கத்துப் பட்டறையில் மூசை காய்ந்துகொண்டிருக்கும்.

மகுடஞ்சாவடியிலிருந்து வந்தவர்
செங்கோடன் என்று சீட்டில் எழுதச் சொன்னார்.
எண்ணூறு அடியில் மோட்டார் எரிந்துவிட்டதாம்.
மஞ்சள் பையைக் கவிழ்த்தார்.
கொலுசுகளுக்கு நடுவே
உருளத் தெரியாமல்
சப்பென்று விழுந்தது அது.

வட்டமென்று சொல்ல முடியாது.
பிள்ளை கடித்து வைத்த தட்டுவடை மாதிரி.
மேலே ஒரு காது பற்றவைத்திருந்தது,
எந்தக் குழந்தையின் இடுப்பிலோ ஆடியிருக்கும்.
ஒருபுறம் கேடயம்.
மறுபுறம் கிரீடம் வைத்த தாடிக்காரன்.
அவனுக்கு இரண்டு மூக்கு.

பில் போடுகிற மெய்யரசு போனில் தேடினான்.
"இங்கிலீஷ் ராஜாங்க்கா. நானூறு வருசம் இருக்கும்.
சுத்தியல்ல அடிச்சதாம்."

சுத்தியல் என்றதும் மூக்கு விளங்கிவிட்டது.
கீழச்சு கட்டையில்,
மேலச்சு ஒருவன் பிடியில்,
ஓங்கியவன் இன்னொருவன்.
முதல் அடி ஒழுங்காகப் பதியவில்லை.
அடுத்த அடிக்குள்
பிடித்தவன் கை ஒரு நூல் நகர்ந்திருக்கிறது.
விரல் முக்கியமில்லையா?
ராஜாவுக்கு இன்னொரு மூக்கு முளைத்தால்
முளைத்துவிட்டுப் போகட்டும்.

மெஷின் தொண்ணூற்றிரண்டரை என்றது.
இத்தனை யோக்கியமான வெள்ளி
இந்த மேசைக்கு வந்து மாசக்கணக்காகிறது.
தராசு 4.613 காட்டியது.
"ஆறு கிராம் இருக்கணுங்க்கா," என்றான் மெய்யரசு.
பற்றவைத்த காதையும் சேர்த்தே
ஒன்றரைக்குக் கிட்ட குறைந்தது.

ஓரத்தைப் பார்த்தேன்.
எழுத்துகளுக்குத் தலையில்லை.
தேய்மானம் இப்படி இருக்காது.
யாரோ கதவைச் சாத்திக்கொண்டு
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், கத்தரியால், அவசரமில்லாமல்
ராஜாவின் பேரையும் சேர்த்து நறுக்கியிருக்கிறான்.
காசு காசாகவே சந்தைக்குப் போகும்.
நறுக்கு அவனுக்கு.
மாட்டினால் தூக்கு என்று போனில் இருந்தது.
மாட்டினானா என்பது
காசில் இல்லை.

"குறையுதுங்களா?" என்றார் செங்கோடன்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் அந்த மூக்குகளையே பார்த்திருந்தார்.
"பாவம், அவனுக்கு என்ன முடையோ.
ஆனா பாருங்க,
கடலுக்கு அந்தப் பக்கம் அவன் வெட்டுனதுக்கு
இந்தப் பக்கம் நான் தண்டம் கட்டறேன்."

சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே எழுதினேன்,
பதினோரு வருசப் பழக்கம்:
4.600.

எங்கள் கடையில்
புள்ளிக்குப் பின்னால் ஓர் எண்தான் வாடிக்கையாளருக்கு.
முதலாளி அதைத் திருட்டென்று சொல்லமாட்டார்.
சேதாரம் என்பார்.
கடை கூட்டிய மண்ணையே
டப்பாவில் அடைத்து விற்கிற தெரு இது,
பதிமூன்று மில்லி எந்த மூலைக்கு?
ஒரு நாளைக்கு அறுபது சீட்டு.
மாசக் கடைசியில்
நல்ல கனத்தில் ஒரு ஜோடிக் கொலுசு.
கத்தரி வேண்டாம். கதவு சாத்த வேண்டாம்.
டியூப்லைட் வெளிச்சத்தில்
ரெனால்ட்ஸ் பேனா போதும்.

சீட்டைக் கிழித்துப்போட்டேன் என்று
சொல்லிக்கொள்ள ஆசைதான்.
கிழிக்கவில்லை.
கடைசி இரண்டு சைபரின் மேல்
ஒன்றையும் மூன்றையும் அழுத்தி எழுதினேன்.
அடியில் சைபர் தெரிந்தது.
இதற்கும் இரண்டு மூக்கு.

"இவன என்ன பண்ணுவீங்க?"
"உருக்கிடுவோங்க."
அவர் கை காசு வரைக்கும் வந்தது.
"மோட்டார் எண்ணூறு அடியில கெடக்குது," என்றார்,
என்னிடம் அல்ல.
பணத்தை இருமுறை எண்ணி
பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.
மூன்று மணிக்குள்
தாடியும் கேடயமும் காதும்
யாருடைய கொலுசோ தெரியாத கொலுசுகளோடு
ஒரே நீராகிவிட்டன.

அடுத்து ஓமலூர். மெட்டி, நாலு.
தராசு 11.387 என்றது.
மெய்யரசு
என் கையைப் பார்த்தான்.